எடை: மழை

அடிவாரச் சோதனைச் சாவடியில்
டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.
பாட்டிலா, பையா, எத்தனை பேர்.
நான் எழுதும் மொழியிலும் அப்படி ஒரு சாவடி உண்டு.
எடை என்றால் எண்.
பெயர் என்றால் எழுத்து.
மாற்றி வைத்தால் வண்டி கிளம்பாது.

அதே மொழியில் ஒரு சொல் இருக்கிறது,
மாறிக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டால்
சாவடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
உள்ளே இருந்தது என்னவென்று
பதினான்காவது கொண்டை ஊசியில் தெரியவரும்.
அவசரத்துக்கு நல்லது.
அவசரம் என்றைக்குத்தான் இல்லை.

நாகலூர்க் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக் கணக்கு,
ஐந்து ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து எழுதியது.
'ஆள்' ஒரு வகுப்பு. அதிலிருந்து 'பறிப்பவர்'.
பெயர் வரும், வயது வரும், வங்கிக் கணக்கு எண் வரும்.
இடுப்பு வலி வராது,
தாய் வகுப்பில் நான் அதை எழுதவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளி, இரவு பதினொன்றுக்கு
கணக்கு நின்றது.
முப்பத்தெட்டு வரி கூட்டிவிட்டு
முப்பத்தொன்பதில் விழுந்து கிடந்தது.
எண்ணோடு சொல்லைக் கூட்ட முடியாது என்றது திரை.
போய்ப் பார்த்தேன்.
பிரகாசி. எடை: மழை.

அந்தக் கட்டத்தைத் திறந்துவிட்டது நான்தான்,
"நாப்பது சொச்சம்" என்றே எழுதிப் பழகிய
மேஸ்திரி அமல்தாசுக்காக.

எத்தனை கிலோ, என்று போனில் கேட்டேன்.
"தெரிஞ்சா எழுதிருக்க மாட்டனா?
தராசுல வச்சப்ப மூட்டை ஊறிக் கெடந்துச்சு.
எது பழம் எது தண்ணின்னு எப்படிப் பிரிக்க?
சைபர் போடவா?
அந்தப் புள்ள நாள் முச்சூடும் நனைஞ்சிருக்கு சார்."

ஈர மூட்டைக்கு ஐந்து கிலோ கழிவு
என்று தோட்டத்து ஆபீசில் ஒரு விதி உண்டு.
பக்கம் மூன்றில், எனக்குக் கொடுத்த தாளில் இருக்கிறது.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

விடிவதற்குள் எடையை வகுப்பாக்கி
'மழை'யை அதன் வாரிசாக்கினேன்.
எண் கேட்டால்
முந்தின நாள் எண்ணைச் சொல்லும்.
அந்தத் திறந்த சொல்லை அழித்தேன்.
சாவடிக்காரர் திரும்பிப் பார்த்தார்,
டிக்கியில் எடை என்று எழுதியிருந்தது,
போகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைச் சீட்டில் பிரகாசிக்கு
ஆறு நாள் கூலி. கழிவு இடத்தில் வெறும் கோடு.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் அமல்தாஸ் கூப்பிட்டார்.
பனியில் தராசு முள் தெரியவில்லையாம்,
'பனி' என்று எழுதப் பார்த்தாராம்,
கட்டம் வாங்கவில்லையாம்.
அதற்கு என்னிடம் வகுப்பு இல்லை, இன்னும்.