கட்டு

சனிக்கிழமை பிற்பகல், பெருந்துறை.
செவிலியர் கல்லூரியின் கணினி அறையில்
பதினோரு பேருக்கு ஒன்பது கணினி.
பவானியிலிருந்து நான் வந்த பேருந்தில்
யாரோ மஞ்சள் மூட்டை ஏற்றியிருந்தார்கள்.
சட்டையை உதறியும் போகவில்லை வாசம்.

முதல்ல மணல்தொட்டிக்குப் போங்க, என்றேன்.
அங்கே என்ன எழுதினாலும்
யாருக்கும் சீக்கு வராது.
சிரித்தார்கள்.
நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

லிங்கேசுவரன் நீரிழிவில் கை வைத்திருந்தான்.
வேப்பங்கொழுந்தை வெறும் வயிற்றில் மென்றால்
மாத்திரையை நிறுத்திவிடலாமாம்.
எங்கிருந்து எடுத்தே?
எங்க பெரியப்பா அப்படித்தானுங்க இருக்கறாரு.
பெரியப்பா நல்லா இருக்கட்டும்,
அவரை அடிக்குறிப்பில் போட முடியாது.

ஷர்மிளா பானு காமாலையை
'கட்டாயம் குணமாகும்' என்று முடித்திருந்தாள்.
கட்டாயத்தை எடுத்துடு.
எடுத்தாள்.
குணமாகும் மட்டும் தனியே நின்றது,
கூட்டத்தில் மைக் கிடைத்தவன் மாதிரி.
ஒரு 'லா' சேர்த்தோம்.
குணமாகலாம்.
பாதி மருத்துவம் அந்த 'லா'வில்தான் இருக்கிறது.

பர்கூர் மலையிலிருந்து வந்த மாதேவி
அதுவரை ஒரு எழுத்தும் தட்டவில்லை.
பாம்புக்கடிப் பக்கத்தை
விரலை வைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.
ஏனுங்ணா, இது தப்புங்களே.

'கடிவாய்க்கு மேலே கயிற்றால்
இறுக்கிக் கட்டவும்.'

கட்டக் கூடாதுன்னு போன வாரம் வகுப்புல சொன்னாங்க.
வகுப்பு சான்றாகாது, தேடு என்றேன்.
இருபது நிமிடம் தேடினாள்.
இரண்டு மருத்துவ வழிகாட்டிகளோடு வந்தாள்.
அப்ப இதை எழுதினது யாருங்ணா?

வரலாறு என்று மேலே ஒரு பொத்தான் உண்டு,
அழுத்தினால் எல்லாருடைய கையும் தெரியும்.
அவள் அழுத்தினாள்.
கீழே, கீழே, இன்னும் கீழே.
பதினோரு வருடத்துக்கு முன்னால்,
இரவு பதினொன்று நாற்பத்தேழு,
பயனர்: கூடுதுறை.

யாரு சாமி இந்தக் கூடுதுறை,
ஆளைக் கட்டிப்போடணும் என்றான் லிங்கேசுவரன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

அந்த இரவு எனக்குப் பத்தொன்பது வயது.
எங்கோ சுவரில் பார்த்த படத்தை நம்பி
ஒரே மூச்சில் எழுதி, ஒருவரும் கேட்கவில்லையே என்று
நிம்மதியாகத் தூங்கியவன்.
பக்கத்தை மாதம் நானூறு பேர் பார்க்கிறார்கள்.
அந்த எண் கண்களுடையது.
கால்களை யாரும் எண்ணுவதில்லை,
கட்டுவிரியன் வலிக்காமல் கடித்துப்போன கால்,
கொடிக்கயிறு அவிழ்த்துக் கட்டிய கால்.
கட்டுரை என்ற சொல்லுக்குள்ளேயே
ஒரு கட்டு உட்கார்ந்திருந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாதேவி வரியை நீக்கினாள்.
'இறுக்கிக் கட்டக் கூடாது.
கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து
உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும்.'
இரண்டு சான்று. சேமி.
அவருக்கும் சொல்லோணுங்களா?
சொல்லு என்றேன். பேச்சுப் பக்கத்தில்.
எதிராளி நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்
என்று வைத்துக்கொண்டு எழுதணும்,
அது இங்கே விதி.
குரல் கொஞ்சம் கம்மியது. இருமிக்கொண்டேன்.

இருட்டிய பிறகு, திரும்பும் பேருந்தில்,
கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

'வணக்கமுங்க கூடுதுறை.
பாம்புக்கடியில் நீங்கள் எழுதியதை மாற்றியிருக்கிறேன்.
அப்போது எல்லாரும் அப்படித்தான் நம்பினாங்கன்னு நினைக்கிறேன்.
உங்க மேல தப்பில்லை.
எங்க ஊரிலும் கட்டித்தான் தூக்கிட்டு வருவாங்க.
போன ஐப்பசியில் எங்க சித்தப்பாவை.
சான்று கீழே.'

நன்றி என்று எழுதினேன்.
அழித்தேன்.
நான்தான் என்று எழுதினேன்.
சித்தோட்டில் பேருந்து நின்றது,
பூ விற்பவள் ஏறினாள், நடத்துநர் சில்லறைக்குக் கத்தினார்.
சேமி என்ற பொத்தான் மேலேயே
கட்டைவிரல் இருந்தது.