நாலாம் சிலிண்டர்

சீனக்குடா தாண்டியதும் நீலமாய்ப் புகைத்ததென்று
இரவோடிரவாக இழுத்து வந்தார்கள்.
பாலையூற்றில் என் கராச் வாசலில்
மகாவலி மணல் ஈரம் சொட்டச் சொட்ட நின்றது லொறி.

"ஓவர் லோட் ஏத்தின நாந்தான்" என்றான் முஸம்மில்,
நான் கேட்குமுன்பே.
"கிண்ணியாப் பாலத்துலயே ஊசி சிவப்பத் தொட்டது,
பாத்தும் நிப்பாட்டல்ல."
வந்தவனே குற்றத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டால்
எந்த மெக்கானிக்குக்கும் பாதி வேலை மிச்சம்.

ஸ்டார்ட் பண்ணி எண்ணெய் மூடியைக் கழற்றினேன்.
இழுப்புக்காரன் நெஞ்சுபோல் உள்ளிருந்து ஊதியது.
இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாய் இளக்கினேன்.
ஒன்றில் நொண்டியது, இரண்டில் நொண்டியது,
மூன்றிலும், ஐந்திலும், ஆறிலும்.
நாலை இளக்கியபோது சத்தம் மாறவேயில்லை.
ஏற்கெனவே போய்விட்ட ஆளை
வீட்டைவிட்டுத் துரத்தினால் வீட்டுக்கு என்ன தெரியும்?

அமுக்கமானியில் மற்றதெல்லாம் நானூறுக்குக் கிட்ட.
நாலு, நூற்றெண்பதில் நின்று இளைத்தது.
ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஏறியது.
அப்போ வால்வில் பிழையில்லை.
கீழேதான். சுவரில்தான்.

ஹெட்டைத் தூக்கி வைத்து, டோர்ச் அடித்துக் குனிந்தேன்.
பாரமோ சூடோ என்றால்
பிஸ்டன் சாயும் பக்கம் அகலமாய் உரசியிருக்கும்.
இதுவோ கஜன் பின் கிடக்கும் திசையில்
மேலிருந்து கீழே ஒற்றைக் கீறல்.
நகத்தை ஓட்டினேன், விழுந்து நின்றது.

சம்புக்குள் காந்தத்தை விட்டுத் துழாவ
கறுப்பு எண்ணெயோடு வந்தது
பாதிச் சேர்கிளிப்,
உடைந்த குழந்தை மோதிரம் மாதிரி.

டீசலுக்குக் கியூ நின்ற வருசம்.
கரண்ட் இல்லை, போன் வெளிச்சம்.
புதுக் கிளிப் டவுனில் எந்தக் கடையிலும் இல்லை.
பழையதை விரலுக்குள் அமத்திப் பார்த்தேன், கொஞ்சம் தளர்ச்சி.
'இது காணும்' என்று போட்டவன் நான்.
அந்தக் காணும் எப்போது கழன்றதோ,
கழன்ற பிறகு நிமிசத்துக்கு ஆயிரம் தரம்
மேலும் கீழும் சுரண்டியிருக்கிறது.

வெளியே முஸம்மில் போனில்,
"என்ட பிழதான் சேர், இந்த மாசம் மட்டும் பொறுங்க."
லீசிங்காரன்.
கிளிப்பை சேட்டுப் பைக்குள் போட்டேன்.

லைனர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது.
கொட்பேயிலிருந்து பெனடிக் ஐஸ் கொண்டுவந்தான்.
மீன் பெட்டிக்குள் இரவு முழுக்கக் குளிர்ந்து
சுருங்கி, பாரை மணத்தோடு
பிளொக்குக்குள் இறங்கியது.
ரிங் வாய் பதினெட்டுத் தௌ.
வாய்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி
திருப்பித் திருப்பி வைத்தேன்,
வாய்கள் நேரே வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

மற்ற ஐந்தையும் கழற்றினேன். அவன் கேட்கவில்லை.
பன்னிரண்டு புதுக் கிளிப்.
குழிக்குள் உட்காரும் 'டிக்' ஒவ்வொன்றுக்கும்
காதை வைத்துக் கேட்டேன்.

மூன்றாம் நாள் பில்:
லைனர், பிஸ்டன், ரிங், கேஸ்கற்.
"கூலி எழுத மறந்துட்டீங்க."
பில்லின் மேல் அந்தப் பாதியை வைத்தேன்.
என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை.
சொன்னேன். போன் வெளிச்சத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் துறைமுகப் பக்கம் பார்த்தான்.
"அப்ப லீசிங்காரனுக்கிட்ட நான் சும்மாவா
கெஞ்சிக்கிட்டு இருந்த?"

எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் மூடியைத் திறந்து
உள்ளங்கையை மேலே பிடித்தேன்.
பெரிதாய் ஊதவில்லை.
பார்ட்ஸுக்குப் பாதிக் காசை எண்ணி வைத்துவிட்டு
கிளிப்பை எடுத்து டாஷ்போட்டில் போட்டான்.
கியர் விழுந்தது.