புதன்கிழமை

இகிட்டோஸ் நகரத்து அறையில் மூன்று பேர்.
மின்விசிறி ஒருவர் முகத்தை விட்டு
அடுத்தவர் முகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
"நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாய், டெல்மிரா.
இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்க
மரான்யோன் ஆற்றின் அந்தக் கோடிக்கு
ஏன் போகிறேன் என்கிறாய்?"

சேவை என்றேன்.
நடுவில் இருந்தவர் எழுதிக்கொண்டார்.
அந்தச் சொல்லுக்கென்றே படிவத்தில்
ஒரு கட்டம் வைத்திருப்பார்கள் போல.

சொல்லாமல் விட்டது இது.

எங்கள் கரைக்கு நோய் வர எல்லா நாளும் ஆகும்.
மருந்துப் படகு வர செவ்வாய் மட்டும்.
அதுவும் ஆற்றில் தண்ணீர் இருந்தால், டீசல் இருந்தால்,
ஓட்டுகிறவன் ஊரில் திருவிழா இல்லாதிருந்தால்.
ரொய்சருக்கு வயிறு போகத் தொடங்கியது புதன் இரவு.
அவனுக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது.
வெள்ளம் தரைப்பலகையை அடியிலிருந்து
நக்கிக்கொண்டிருந்தது.
தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்றார்கள்.
அம்மாவும் அதையே நம்பினாள்.
அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.
குவளையை அவன் கண்ணில் படாமல்
பலகைக்குப் பின்னால் வைத்தது
நான்தான்.
வெள்ளி விடிகையில் கேட்பதை நிறுத்தியிருந்தான்.

செவ்வாய், படகு வந்தது.
நர்ஸ் வியர்த்துக்கொண்டே
தடுப்பூசிப் பட்டியலை வாசித்தாள்:
ரொய்சர் அரிராமா.
மறுபடியும், கொஞ்சம் உரக்க, ரொய்சர் அரிராமா.
வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
'வரவில்லை' என்று எழுதிவிட்டு
அடுத்த பெயருக்குப் போனாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை.
இருந்தது. பத்து வருஷம் இருந்தது.
பிறகு பயிற்சிப் பள்ளியில், இரண்டாம் வாரம்,
கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்:
கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர்,
சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்,
தலைதட்டி.
சுற்றிலும் பேனாக்கள் ஓடின.
எங்கள் அடுப்படியில் எல்லாம் இருந்தது.
சர்க்கரை நீல டப்பாவில்.
உப்பு, மீனுக்கென்று, ஒரு மூட்டையே.
எழுந்து வெளியே போய்
மோட்டார் ரிக்‌ஷாக்கள் நிற்கும் இடத்தில் நின்றேன்.
எங்கே போகணும் என்றான் ஒருவன்.
புதன்கிழமைக்கு என்று சொல்ல வாயெடுத்து
எங்கும் இல்லை என்றேன்.

சம்பளமும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்.
சொந்தமாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும்.
அம்மாவிடமிருந்து இரண்டு ஆற்று வளைவு
தள்ளி இருக்கலாம் என்பதும்.
அந்தக் குவளை இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது.
போகும்போதெல்லாம் அதில்தான்
எனக்குக் குடிக்கக் கொடுக்கிறாள்.

இங்கே வந்து இது ஆறாவது வருஷம்.
மழைக்காலத்தில் குளிர்பெட்டி
சூரியனை நம்பி மோசம் போகிறது.
வானொலி பாதி வாக்கியத்தில் இருமுகிறது.
காப்பாற்ற முடியாமல் போனவர்களும் உண்டு.
அவர்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

இன்று புதன்.
காலையில் பெக்கெ பெக்கெ பெக்கெ என்று
வளைவுக்கு அப்பால் ஒரு படகு.
ஓடினேன், கையுறையை
வழியிலேயே மாட்டிக்கொண்டு.
முராயாரி. கட்டைவிரலில் தூண்டில் முள்.
"நாளைக்கு வரலாம் என்றுதான் இருந்தேன்.
நீ சும்மா உட்கார்ந்திருப்பாயே என்று வந்தேன்."
எடுத்துவிட்டேன்.
முள்ளைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன்.

போகிற போக்கில் மேசையிலிருந்து
அளவு ஸ்பூன் ஒன்றையும் எடுத்துப் போனார்.
இந்த மாதத்தில் நான்காவது.
கணக்குப் பார்க்க வருபவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்,
எங்கேதான் போகின்றன இவை?
'தொலைந்தவை' கட்டத்தில் எழுதச் சொல்கிறார்.
எழுதுவதாகச் சொல்லி
இன்னும் ஒரு டஜன் கேட்டிருக்கிறேன்.