பதினான்கு பி

பிப்ரவரி. போர்ச்சுகலின் தென்கோடி.
முதல் பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம்.
அட்லாண்டிக் காற்று குன்றேறி வந்து
கேரேஜின் இரும்புத் திரையை உலுக்குகிறது.
விளக்குக் கம்பத்தில் கூடு வைத்த நாரைக்கு
இரண்டே நாளில் இந்த இரைச்சல் பழகிவிட்டது.
எனக்குப் பதினொரு வருடமாகியும் பழகவில்லை,
காதில் பஞ்சுதான்.

இங்கே யாரும் ஜெயிப்பதில்லை.
கொடி இல்லை, கோப்பை இல்லை,
காலி இருக்கைகளில் நேற்றைய மழை உட்கார்ந்திருக்கிறது.
ஒரு சுற்று போ, திரும்பி வா, என்ன தோன்றியது சொல்,
டயரைக் கழற்று, வேறொன்று மாட்டு,
மறுபடி போ.
நோயாளியே வைத்தியனுக்கு நாடி பார்த்துச் சொல்லும் வேலை.

பக்கத்துக் கேரேஜில் பத்தொன்பது வயது ஹங்கேரிப் பையன்.
எதைக் கொடுத்தாலும் வேகமாகப் போகிறான்,
ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான்.
அவனை வைத்துக்கொண்டு
ஒரு வண்டியையும் செய்து முடிக்க முடியாது.

எங்களுக்கு டெல்மோ.
கவசத்தைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் தூக்கி
"ஐந்தாம் வளைவில் பின்சக்கரம் என்னோடு பேசுவதில்லை" என்றான்.
போன செப்டம்பரில் அது பேசாமல் போனபோதுதான்
அவனைத் தூக்கி எறிந்தது.
காறையெலும்பில் ஒரு தகடு, ஆறு திருகு.
ஆறும் என் ஸ்பானர் எதற்கும் பொருந்தாதவை.

கணினியில் ஐந்தாம் வளைவைத் திறந்தோம்.
பின்சக்கரம் பேசிக்கொண்டுதான் இருந்தது.
பிரேக்கை அவன்தான் மூன்று மீட்டர் முன்னால் பிடித்திருந்தான்.
எல்லாச் சுற்றிலும். அதே மூன்று மீட்டர்.
எத்தொரே அந்த இடைவெளியை விரலால் அளந்தார்.
பிறகு என் பக்கம் குனிந்து,
"திரையை இறக்கு, இல்டா.
ஸ்பானரைச் சத்தமாகக் கீழே வை."

பின் ஸ்பிரிங் அருகே மண்டியிட்டேன்.
எதையும் திருப்பவில்லை.
கருவிப்பெட்டியை இழுத்தேன், மூடினேன், இழுத்தேன்.
பூட்டு வளையத்தைத் துணியால் துடைத்தேன்.
இரண்டு முறை பெருமூச்சுகூட விட்டேன்,
எனக்கு நாடகம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.
ஆறு நிமிடம்.
தாளில் எழுதினேன்: அமைப்பு பதினான்கு பி.
பதினான்கு உண்டு. பி கிடையாது.

"என்ன மாற்றினீர்கள்?"
"நீ போய் வந்து சொல்" என்றார் எத்தொரே.

போனான்.
முதல் சுற்று டயர் சூடேற.
இரண்டாவதில், ஐந்தாம் வளைவுக்கு இறங்கும் சரிவில்,
எஞ்சின் வழக்கமாகக் குரல் தாழ்த்தும் இடத்தில்
தாழ்த்தவில்லை.
தாழ்த்தவில்லை.
நாரை எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.
ஒன்று நாற்பது புள்ளி எட்டு.
நொடியில் பத்துக்கு நான்கு பங்கு மிச்சம்,
ஒரு துடைத்த வளையத்திலிருந்து.

"இப்போது பேசுகிறது!"
முகமெல்லாம் வேர்வை. என் கையைப் பற்றிக்கொண்டு
"உன் கை, இல்டா, உன் கை" என்றான்.
அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
எத்தொரேயும் சிரிக்கவில்லை.
மணிக்கு இருநூற்று எழுபதில் ஒருவன்
என் பொய்யின்மேல் உட்கார்ந்து இறங்குகிறான்.
விழுந்தால் அதை எந்தத் தாளில் எழுதுவது?

மாலை எல்லோரும் மீன்சூப்புக்குப் போன பிறகு
ஸ்டாண்டில் நின்ற வண்டியருகே அவன் குந்தியிருந்தான்.
பூட்டு வளையத்தின் குறுக்கே
சென்ற வாரம் நான் தீட்டிய மஞ்சள் கோடு,
பாதி வளையத்தில், பாதி உடலில்;
ஒரு மயிரிழை திருப்பினாலும் முறிந்துபோகும் கோடு.
கட்டைவிரலால் அதை
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினான்.
கதவருகே நான் நின்றது
அவனுக்குத் தெரிந்ததா, தெரியாது.

காலையில் பாதை ஈரம். பத்தரைக்குத்தான் காய்ந்தது.
கையுறையைப் பல்லால் இழுத்து இறுக்கியபடி
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"பதினான்கு பி-யிலேயே ஆரம்பிப்போம்."

திரையை இறக்கினேன்.
கருவிப்பெட்டியைச் சத்தமாக இழுத்தேன்.