வியாழன் வரை

குளியல் தொட்டியில்
வின்னிபெக்கின் சாலை உப்பு
பாதங்களிலிருந்து கரைந்து ஓடிக்கொண்டிருந்தபோது
இடது விலாவுக்குக் கீழே
விரல் நின்றது.

ஊறிய கொண்டைக்கடலை அளவு.
தள்ளினால் கொஞ்சம் நகர்கிறது.
நகர்ந்தால் நல்லது என்று யாரோ சொன்ன ஞாபகம்;
நகராவிட்டால்தான் நல்லதோ?

சுண்டல் என்று பெயர் வைத்தவன் நான்.
குட்டியின் நிறத்துக்காக, ஒரு சிரிப்புக்காக.
இயலினியிடம் சொல்லவில்லை.
அவளுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை.

டாக்டர் ஒலெனா முடியை மழித்தார்,
ஊசியில் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார்.
கட்டியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம்.
"பெரிதாகிறதா என்று பாருங்கள்.
வியாழக்கிழமை கூப்பிடுகிறேன்."

பார்க்கிறேன்.
வேலைக்குக் கிளம்புமுன், பூட்ஸோடு.
ராத்திரி இரண்டரைக்கு, ஹீட்டர் முனகும்போது.
கை போனதுமே புரண்டு
வயிற்றைக் காட்டுகிறது,
வால் தரையை அடிக்கிறது.
ஏழு வருடத்தில் இவ்வளவு தடவிக்கொடுத்ததில்லை நான்.
அதற்கு இது நல்ல வாரம்.

இன்று செவ்வாய்.
நக்கி நக்கி
வட்டத்தைப் பாதி அழித்துவிட்டது.

பரவாயில்லை.
இருட்டிலும் எனக்கு
இடம் தெரியும்.