வாளி எண் பதினேழு

எரிவாயுக் குழாய் மாற்றப்
பள்ளம் தோண்டியபோது எடுத்தார்களாம்.
செனாத் தூக்கிவந்து என் மேசைக்கடியில் வைத்தான்,
சிமெண்ட் காய்ந்து ஒட்டிய கறுப்பு வாளி.
உள்ளே நான்கு கற்கள்,
ஒவ்வொன்றின் தலையிலும்
உள்ளங்கை அகலப் பித்தளை.

நகராட்சிக் கிடங்குக்கு எது வந்தாலும்
படிவம் உண்டு.
சாய்ந்த விளக்குக் கம்பத்துக்கு உண்டு,
ஆற்றில் கிடந்த சைக்கிளுக்கு உண்டு,
ஒருமுறை பியானோவின் மிதிகட்டைக்குக்கூட எழுதினேன்.

பொருள்: கல்.
எண்ணிக்கை: நான்கு.
எடை: ஒன்பது கிலோ சொச்சம்.
உரிமையாளர்:

பென்சில் அங்கே நின்றது.

கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தேன்.
‘இங்கே வசித்தார்’ என்றுதான்
ஒவ்வொன்றும் தொடங்குகிறது.
இங்கே என்றால்,
இந்த வாளியிலா?

ஸீக்பெர்ட் வால்ஹைமர், 1898.
ரெஹா வால்ஹைமர், பிறந்த வீட்டுப் பெயர் ப்ளௌட்.
யென்னி ப்ளௌட்; தங்கையாக இருக்கலாம்,
அக்காவாகவும் இருக்கலாம், வருடம் தேய்ந்துவிட்டது.
லோத்தார், 1935.
நால்வருக்கும் ஒரே டிசம்பர், ஒரே ரயில், ரிகா.
அதற்குக் கீழே மூவருக்கு ஒரே சொல்.
யென்னிக்கு மட்டும்
மூன்று கேள்விக்குறிகள்.

இந்த வேலைக்கு முன் ஆவணக் காப்பகத்தில் இருந்தேன்.
அந்தக் காலத்துப் படிவம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன்,
பதினாறு பக்கம்.
ரயிலேறும் முன் அவர்களே நிரப்பித் தர வேண்டும்.
முட்கரண்டி எத்தனை.
தலையணை உறை எத்தனை.
குழந்தையின் காலுறை, ஜோடிக் கணக்கில்.
ஒவ்வொரு வரியின் ஓரத்திலும்
ஒரு சிறிய ‘சரி’.
யாரோ ஒரு எழுத்தர்,
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே
கோட்டை மாட்டிக்கொள்ளத் துடிக்கிற ஒருவர்,
பென்சிலால் போட்டது.

நானும் பென்சிலால்தான் போடுவேன்.

மண் உறைந்துவிட்டது, வேலை நின்றுபோனது.
நவம்பரிலிருந்து மார்ச் வரை
வாளி என் கால்மாட்டிலேயே கிடந்தது.
ஃப்ராவ்கே அதன்மேல் குடையைக் காயவைத்தாள்,
குனிந்து பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டாள்.
நான் மூன்று முறை தடுக்கிக்கொண்டேன்.
நான்காம் முறை கால் தானாக விலகிற்று.
ஒரு சனிக்கிழமை, டிராம் நிறுத்தம் வரை போனவள்
திரும்பிவந்து
அறையின் வெப்பக் குமிழைத் திருகிவைத்தேன்.
கல்லுக்குக் குளிருமா?
நானும் கேட்டுக்கொண்டேன்,
திருகிக்கொண்டே.

மார்ச்சில் செனாத் தெருவிலிருந்து போன் செய்தான்:
எந்த வரிசையில் பதிக்க வேண்டும்?
படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை.
வாளியோடு நானும் போனேன்.
கெர்பர் தெரு, ஒன்பதாம் எண்.
கீழ்த்தளத்தில் இப்போது பல் மருத்துவமனை.
புதிதாகக் கொட்டிய மணல், அதில் நான்கு குழி,
குழிகளைப் பார்த்தபடி நாங்கள் இருவர்.

மூன்றாம் மாடிப் பெண் நாயோடு இறங்கிவந்தாள்.
பையன் நடுவில், என்றாள்.
எப்படித் தெரியும்?
அவள் நாயின் கயிற்றை என்னிடம் தந்துவிட்டு
மணல்மேல் நடந்து காட்டினாள்.
ஓர் அடி, இன்னோர் அடி,
பிறகு கால் நீண்டது,
எதையோ மிதிக்காமல் தாண்டுவதுபோல்.
பதினோரு வருடம், என்றாள்.
என்னைவிட என் காலுக்கு நன்றாகத் தெரியும்.

செனாத் தொப்பியைக் கழற்றி மணலில் வைத்தான்.
அவனுடைய ஊர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும்
ஒரு கோடையில் பெயர்ப் பட்டியலோடு
வண்டிகள் வந்ததாக ஒருமுறை சொன்னான்;
ஒரே ஒருமுறை.
ரப்பர் சுத்தியலால் தட்டினான், மெதுவாக,
தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல்.

யென்னியை எங்கே?
நாய்க்காரிக்கும் தெரியவில்லை.
கேள்விக்குறிகளை வாசல் பக்கமாக வைத்தோம்.

வாளியைக் கழுவி வேறு வேலைக்கு எடுத்துப்போய்விட்டார்கள்.
ஒப்படைத்த நாளை எழுதிவிட்டேன்.
‘பெற்றுக்கொண்டவர் கையொப்பம்’
இன்னும் காலியாக இருக்கிறது.
தணிக்கையாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.
ஒவ்வொரு தடவையும்
பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுகிறேன்.