கெடு

பகலில் நான் நகைக்கடன் கம்பெனி கிளார்க்.
கரூர், ஜவகர் பஜார், மாடி.
கெடு தாண்டிய கம்மல்களுக்குப்
பதிவுத்தபால் எழுதுவது என் வேலை.
ராத்திரி வெங்கமேட்டு அறையில்
கெடு தாண்டிய பெயர்களை வாங்குகிறேன்.

பெயரென்றால் மனிதர் பெயர் இல்லைங்க.
டாட் காம் என்று முடிகிறது.
யாரோ வருடாவருடம் ஆயிரம் சொச்சம் கட்டிவந்து
ஒரு வருடம் கட்டாமல் விட்டது.
பட்டியலைத் தள்ளத் தள்ள
நம்ம பக்கமே உதிர்ந்து கிடக்கும்:
திருச்செங்கோட்டு போர்வெல் ஒன்று,
நாமக்கல் கோழித்தீவனம்,
பவானி ஜமக்காளம் எழுத்துப்பிழையோடு இரண்டு.

முதலில் வாங்கியது ஒரு கொசுவலை.
ஆவணியில் பணம் கட்டினேன்.
அடுத்த ஆவணி வரை எனதென்று
காலண்டரில் வட்டம்கூடப் போட்டேன்.
ஆனியிலேயே கெடு வந்து நின்றது.
கூப்பிட்டுக் கேட்டால்,
"நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல சார்,
பழைய கெடு தேதியில இருந்துதான் வருசம்."
அது கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு மாதத்துக்கும்
நான்தான் காசு கட்டியிருக்கிறேன்.

அன்று காலையில்தான்
தாந்தோணிமலைத் தறிக்காரர் ஒருத்தரிடம்
கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்:
"வட்டி நீங்க வந்த நாள்ல இருந்து இல்லீங்க,
வெச்ச நாள்ல இருந்துங்க."
அவர் பார்த்த பார்வை
போனின் கறுத்த திரையில்
என் முகத்திலேயே இருந்தது.

மாசியில் சிக்கியது பொன்காளி நிட்ஸ்.
திருப்பூர். பதினாறு வருடத்துப் பெயர்.
ஏலத்தில் எவனோ ஒருத்தன் விடாமல் ஏற்றி
ஆறாயிரத்து நானூறில் கையை விட்டான்.
பெருமாநல்லூரில் ஒரு பனியன்காரர்
நாற்பதாயிரம் எடுத்து வைத்திருந்தார்.
வென்றீர்கள் என்று மெயில் வந்தது.
அதற்கடியில் எள்ளு எள்ளாய் எழுத்து:
சொந்தக்காரர் புதுப்பித்தால் இது செல்லாது.

எனக்குத் தெரியாததா?
கெடு முடிந்தும் சில வாரம்
பழைய விலைக்கே அவர் வந்து கட்டலாம்.
அதையும் விட்டால் மீட்புக்காலம், முப்பது நாள்,
அப்போது அபராதம் பல மடங்கு.
அப்புறம் அஞ்சு நாள்
யாராலும் தொட முடியாமல் கிடக்கும்.
அதற்கப்புறம்தான் தெருவில் விழும்.
எங்கள் கம்பெனியில் கம்மலுக்குக்கூட
இத்தனை வாசல் திறந்திருக்காது.

முப்பத்தி எட்டாம் நாள்
என் ஆறாயிரத்து நானூறு திரும்பி வந்தது.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
ஒரே ஒரு பக்கம். நூல்கோன் படம்,
காற்றில் அசையாத கொடி,
வந்துபோனோர் நாலாயிரத்து நூற்றிப் பதினேழு
(அதில் முப்பதாவது நான்),
கீழே கே. கிட்டுசாமி, ஒரு போன் நம்பர்.

எடுத்தது ஒரு பெண் குரல்.
"கம்பெனி மூடி ஆறு வருசம் ஆச்சுங்களே.
பேங்க்கு, எல்ஐசி, எல்லாத்துக்கும் ஓடிபி
அந்த மெயிலுக்குத்தானுங்க வருது.
திடீர்னு நின்னு போச்சு.
என்ற பையன் என்னமோ பாத்துட்டு
போன வாரம் பணம் கட்டுனானுங்க.
நீங்க யாருங்க?"

பாலிதீன் கவர் சப்ளைங்க, என்றேன்.

"இனி எதுக்கு சாமி கவர்",
என்று சொல்லிவிட்டும் அவர் வைக்கவில்லை.
பின்னால் குக்கர் விசிலடித்தது.
நான்தான் வைத்தேன்.

என் பெயரிலும் ஒன்று வைத்திருக்கிறேன்,
எட்டு வருடமாக, உள்ளே எதுவும் போடாமல்.
தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்
என்று பச்சை எழுத்தில் காட்டும்.
சும்மா ஒரு நினைப்பு வந்து
பணம் போகவேண்டிய கார்டை உருவிப் பார்த்தேன்.
தேய்ந்த எண்களில்
போன ஜனவரி.